பாலம் ஏறாத கார்

எங்கள் பாதையில் ஏற்றம் என்று ஒன்று கிடையாது. ஈச்சிலம்பற்றிலிருந்து திருகோணமலை டவுனுக்கு ஒன்றரை மணித்தியாலம் ஓடவேண்டும். அவ்வளவு தூரமும் வயல், சதுப்பு, ஆறு, மறுபடி வயல். ஒரு கார் கொஞ்சம் முக்கி முனகி ஏறவேண்டிய இடமென்றால் பாலங்கள்தான். அதனால் என்னுடைய காருக்கு இழுவை போய்விட்டது என்பதை நான் கிண்ணியாப் பாலத்தின் நடுவில்தான் கண்டுபிடித்தேன்.

பக்கத்தில் மனைவி இருந்தாள். அவளுக்கு அப்போது ஆறு மாதம். அதற்கு முன்னர் இரண்டு பிள்ளைகள் எங்களுக்குத் தங்கவில்லை. ஒன்று நாலாம் மாதத்தில் போனது, மற்றது ஏழாம் மாதத்தில். ஏழாம் மாதத்துப் பிள்ளைக்குத் தலைமயிர் இருந்தது. நான் பார்த்தேன், அவளைப் பார்க்க விடவில்லை. இந்த மூன்றாவதை டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அம்மா பொறுப்பெடுத்திருந்தார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கிளினிக் வரவேண்டும், பஸ்ஸில் இடிபட்டு வரக்கூடாது, வலியோ வேறு ஏதாவது வித்தியாசமோ தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும் என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். தாமதிக்காமல் கொண்டுபோவதற்கு என்னிடம் இருந்தது அந்தப் பழைய பெற்றோல் கார் ஒன்றுதான்.

அன்றைக்கு நாலாம் கியரில் பாலத்தில் ஏறினேன். நடுவுக்கு வருமுன்னரே கார் சோரத் தொடங்கியது. அக்சிலேட்டரை மிதித்தேன். மிதிக்க மிதிக்க இன்னும் சோர்ந்தது. மூன்றாம் கியர், பிறகு இரண்டாம் கியர். பின்னால் வந்த மணல் லொறிக்காரன் ஹோர்னில் இருந்து கையை எடுக்கவே இல்லை. இரண்டு பக்கமும் தண்ணீர், ஒதுங்க இடமில்லை.

"என்ன, நிக்கப் போகுதோ?" என்றாள்.

"இல்லை, பெற்றோல்ல ஏதும் அழுக்கா இருக்கும்."

எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் பதில் மட்டும் உடனே வந்தது. நடந்து போகிறவன் வேகத்தில் பாலத்தைத் தாண்டி, கரையில் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் பண்ணினேன். கார் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடியது. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது. ஒரேயடியாகப் பழுதாகிப் போனால் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். வந்து வந்து போகிற நோயை எவனிடம் காட்டுவது?

என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் சல்லி என்ற கடற்கரை ஊரில் பிறந்த பிள்ளை. அப்பாவின் படகு எஞ்சினைக் கழற்றிப் பூட்டித்தான் வளர்ந்தேன். இப்போது கந்தோர் மேசையில் இருந்து கோவைக் கட்டுப் புரட்டுகிற உத்தியோகம் என்றாலும் அந்தத் திமிர் போகவில்லை. "கடல்காரன் வீட்டுப் பிள்ளைக்கு எஞ்சின் படிப்பிக்க வேணுமோ" என்று கந்தோரில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! வாய்க்கொழுப்பு. அந்த வாய்க்கொழுப்பால்தான் முதல் மூன்று கிழமையும் காரை ஒருவரிடமும் காட்டவில்லை.

முதலில் நாலு பிளக்கையும் மாற்றினேன். பிறகு பெற்றோல் வடியை மாற்றினேன். எயார் கிளீனரைத் திறந்து தூசி தட்டினேன். காபரேட்டரைக் கழற்றி, குசினி மேசையில் பழைய பேப்பர் விரித்து, துவாரம் துவாரமாக ஊதினேன். மனைவி மேசையின் மறுபக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டு, "இது இனி ஏறுமோ?" என்று கேட்டாள். "பறக்கும்" என்றேன். முற்றத்தில் வைத்துப் பார்க்கும்போது எஞ்சின் பஞ்சு மாதிரிச் சத்தமில்லாமல் நின்று ஓடும். கிளினிக் நாளில் பாதி வழி போனதும் பழைய குணம் வந்துவிடும்.

அடுத்த கிளினிக்குக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் தனியே வெருகல் பாலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகப் போனால் ஒன்றும் இல்லை. வேகம் பிடித்து ஏறினால் தொண்டையைப் பிடித்தது மாதிரி அடங்கிவிடும். அதாவது, அவசரம் இல்லாத நாளில் கார் என்னை எங்கேயும் கொண்டுபோகும். அவசரமான நாளில் கொண்டுபோகாது. பாலத்தடியில் நின்றுதான் இதை விளங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து இரவில் அவள் திரும்பிப் படுத்தாலே எழும்பிவிடுவேன்.

அதற்குப் பிறகுதான் டவுனில் ஒரு கராஜுக்குப் போனேன். அவர்கள் டாங்கியைக் கழுவினார்கள், கொயிலை மாற்றினார்கள், கிளச் வழுக்குகிறதோ என்று பார்த்தார்கள். நின்ற நிலையில் எல்லாம் திறம். டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற ஆட்கள் மாதிரித்தான் என் காரும். "எஞ்சினுக்கு வயசு போட்டுது அண்ணை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதற்கிடையில் மனைவிக்குத் தலையிடி தொடங்கியிருந்தது. காரில் போய் வந்தால் வரும், வீட்டில் படுத்தால் போய்விடும். தூரப் பயணம், வெயில், வயிறு வேறு என்று நாங்கள் இருவரும் முடிவெடுத்துக்கொண்டோம். பிரஷர் பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஒருநாள் தோப்பூர் தாண்டும்போது, "ஏதோ விறகு கருகின மாதிரி மணக்குது" என்றாள். வயலில் வைக்கோல் எரிக்கிறார்கள் என்று சொல்லி, புகை வராமல் இருக்க நானே எட்டி அவள் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

அவளுக்கு எட்டாம் மாதம் தொடங்கியது. ஒரு கிளினிக் நாள் காலையில் வாசற்படியில் நின்றுகொண்டு அவள் சொன்னாள்.

"விடிஞ்சதில இருந்து பிள்ளையின்ர துடிப்புக் குறைவா இருக்கு."

"சாப்பிட்டனீங்களோ?"

"சாப்பிட்டுப் போட்டுத்தான் சொல்லுறன்."

போன பிள்ளையும் இப்படித்தான் ஒரு காலையில் துடிப்புக் குறைந்து, பின்னேரம் முழுதாக அடங்கியது. அந்த நாள் எங்கள் இருவருக்கும் ஞாபகம் வந்தது என்பது அவள் செருப்பைப் போடத் தடுமாறியதிலேயே தெரிந்தது. வேறு வாகனம் தேட எனக்குப் பொறுமை இருக்கவில்லை. காரை எடுத்தேன்.

வேகமாகப் போகக்கூடாது என்று தெரியும், ஆனாலும் கால் கேட்கவில்லை. மிதிக்க, அடங்க, நிறுத்த, ஐந்து நிமிடம் பொறுக்க, மறுபடி மிதிக்க என்று மூன்று தரம் ஆயிற்று. கிண்ணியாவுக்குள் நுழையும்போது அவளைத் திரும்பிப் பார்த்தேன். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. "இஞ்ச" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. தோளைத் தொட்டுக் கூப்பிட்டேன். கன்னத்தில் தட்டி மூன்றாம் தரம் கூப்பிட்டபோதுதான் கண்ணைத் திறந்தாள். "நித்திரை தூங்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் மூடினாள். அந்த நேரம் பார்த்துக் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

நின்ற இடத்துக்கு எதிரே ஒரு வீடும் வீட்டோடு சேர்ந்த சிறிய கராஜும் இருந்தன. அங்கே வேலை செய்துகொண்டிருந்த முஸ்லிம் மெக்கானிக், நானா ஒருவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். நடு வயது, சாரத்தில் எண்ணெய்க் கறை. காரைப் பார்க்கவில்லை, முதலில் அவளைத்தான் பார்த்தார். வீட்டுப் பக்கம் திரும்பித் தன் மனைவியைக் கூப்பிட்டார். அந்த மனுசி வந்து அவளைக் கைத்தாங்கலாக இறக்கி வேப்பமர நிழலுக்குக் கொண்டுபோனார். அவள் அங்கே குனிந்து சத்தி எடுத்தாள், மனுசி வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"நானா, ஆஸ்பத்திரிக்குப் போகோணும். ஒரு ஓட்டோ பிடிச்சுத் தாங்கோ."

"ஓட்டோக்காரன் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் புள்ளையள ஏத்திட்டுப் போயிட்டான். மச்சானுக்குப் போன் போடுறன், இருவது நிமிசத்தில வந்திருவான். பயப்படாதீங்க தம்பி. அதுக்குள்ள உங்கட காரையும் ஒருக்காப் பாப்பம்."

எனக்குக் கார் வேண்டியிருக்கவில்லை. ஆனால் சும்மா நின்றால் பைத்தியம் பிடித்துவிடும் போல் இருந்தது. அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

"எப்ப இழுவை போகுது? சும்மா நிக்கக்குள்ளயா, மிதிக்கக்குள்ளயா?"

"மிதிச்சா."

"கூட மிதிச்சா?"

"கூடப் போகும்."

"நிப்பாட்டி வச்சா?"

"அஞ்சு நிமிசத்தில சரிவரும்."

அவர் போனட்டைத் திறக்கவே இல்லை. அத்தனை மாதமும் நான் தலையை நுழைத்துக்கொண்டு கிடந்த இடத்தை அவர் எட்டியும் பார்க்கவில்லை. காருக்குப் பின்னால் போய்க் குந்தியிருந்து, புகைக்குழாய்க்கு முன்னால் உள்ளங்கையைப் பிடித்தார். என்னை ஏறி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பிறகு மெல்ல மெல்ல மிதிக்கச் சொன்னார். கண்ணாடியில் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். எஞ்சின் இரைந்தது, பிறகு சோர்ந்தது. அவர் கையை அசைத்து நிறுத்தச் சொன்னார்.

"சும்மா நிக்கக்குள்ள மூச்சு நல்லா வருது. மிதிக்கக்குள்ள உள்ள ஏதோ எழும்பி வந்து வாயை அடைக்குது. மறுகா நிப்பாட்டினா விழுந்திருது. எஞ்சின் வேலை செய்யுது தம்பி, புகைக்கு வெளிய போக வழியில்ல."

ஈரச்சாக்கைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சைலன்சரைக் கழற்றினார். துருப்பிடித்த ஆணிகள் சுத்தியலின் இரண்டு அடியில் முறிந்தன. கழற்றியதைத் தூக்கி ஆட்டினார். உள்ளே லொடக் லொடக் என்று ஏதோ உருண்டது. உளியால் பின்பக்கத்தைப் பிளந்தார். பெருவிரல் பருமனில், கரிபிடித்த ஒரு மரத்துண்டு மண்ணில் விழுந்தது.

"இது என்ன சாமான்?" என்று அவர் கேட்டார். எனக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது.

பெற்றோல் இல்லாமல் நாடு முழுவதும் வரிசையில் நின்ற மாதங்களில் என் கார் கொட்டிலில் கிடந்தது. எங்கள் ஊரில் மாரிக்குப் படகை ஏற்றிப்போட்டால் எஞ்சினைக் கழற்றி, அது புகை விடும் துவாரத்தைச் சின்ன மரத்தக்கையால் அடைத்து வைப்போம். அடைக்காவிட்டால் குளவி உள்ளே மண்கூடு கட்டிவிடும். மறந்துபோய் ஸ்டார்ட் பண்ணினாலும் பிழையில்லை, எஞ்சின் தக்கையைத் துப்பிவிடும். அது கரையில் எல்லாருக்கும் ஒரு சிரிப்பு. நான் காரையும் படகு என்று நினைத்தேன். பூவரசந்தடியில் ஒரு தக்கை சீவிக் குழாயில் வைத்துச் சுத்தியலால் தட்டினேன். அது சிறிதாகிப் போனதால் உள்ளே வழுக்கிப் போய்விட்டது. கம்பி விட்டுக் கிளறினேன், வரவில்லை. கிடக்கட்டும், துப்பிவிடும் என்று விட்டேன். பெற்றோல் வந்து முதல் தரம் ஸ்டார்ட் பண்ணினபோது குழாயிலிருந்து ஏதோ கறுப்பாகப் பறந்து வேலிக்குள் விழுந்தது. தக்கைதான் என்று எண்ணி அதோடு மறந்துபோனேன். காரின் சைலன்சருக்குள் அறை அறையாகத் தடுத்திருக்கும், போனது இலேசில் திரும்பி வராது என்பது கடல்காரன் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாது.

நான் இதைச் சொல்லி முடிக்குமுன்னர் நானா காரின் கீழே படுத்துவிட்டார். எழும்பி வந்து இடது பக்கக் கதவைத் திறந்து கால்மிதியைத் தூக்கினார். கடல் உப்பில் தரைத்தகடு உக்கி, கை நுழையக்கூடிய ஓட்டை. அதைத் தடவிய அவருடைய விரல்கள் கறுப்பாக வந்தன.

"இந்தப் பக்கம் உங்கட வீட்டுக்காரிதானே இருக்கிறவ?"

"ஓம்."

"புகைக்குப் பின்னால வழி இல்லாட்டி முன்னால வரும். முன்குழாய் மூட்டு வெடிச்சு இரிக்கு. புகை முழுக்க இதுக்குள்ளாலதான் ஏறியிருக்கு. இது ஆளை நித்திரையாக்கிப் போடுற புகை தம்பி. தலையிடி வந்ததா அவவுக்கு?"

"வந்தது."

"எத்தின நாளா?"

நான் சொன்னேன். அவர் வேப்பமரத்தடியைப் பார்த்தார். அங்கே என் மனைவி அந்த மனுசி கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு, கொஞ்சம் தெளிந்து, வயிற்றில் கையை வைத்தபடி இருந்தாள். நானா குரலைத் தாழ்த்தினார்.

"வயித்தில இரிக்கிற புள்ளைக்குத்தான் இது கூடாது. வெட்கத்தைப் பாக்காம டொக்டரிட்டச் சொல்லிப்போடுங்க. இந்தக் காரில அவவ இனி ஏத்தாதீங்க."

அன்று வரைக்கும் நான் பயந்ததெல்லாம் கார் நின்றுவிடும், பிள்ளை வழியில் போய்விடும் என்றுதான். பாலத்துக்குப் பயந்தேன், லொறிக்குப் பயந்தேன், தூரத்துக்குப் பயந்தேன். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு கிழமைக்கொருமுறை அவளையும் பிள்ளையையும் நச்சுப்புகைக்குள் இருத்தி வைத்திருந்தவன் நான்.

ஓட்டோ வந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. "கார் என்னவாம்?" என்று கேட்டாள். "சைலன்சர்" என்றேன். பாலத்தில் கடற்காற்று முகத்தில் அடித்தது. ஓட்டோ எந்த வருத்தமும் இல்லாமல் ஏறி இறங்கியது. அவள் வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்த்தபடி வந்தாள். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? நானா ஆஸ்பத்திரிக்கு வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. பிள்ளைக்கு ஏதும் நடந்தால் விதி என்று இருவரும் அழலாம். சொன்னால் அது விதியாக இராது, என் பிழையாக இருக்கும். டவுன் வரும்வரைக்கும் சொல்லாமல் விடுகிற முடிவில்தான் இருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

டொக்டர் அம்மா பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கிற இயந்திரத்தை அவளுடைய வயிற்றில் வைத்துத் தேடத் தொடங்கினார். ஒரு சத்தமும் வரவில்லை. இடத்தை மாற்றினார். அவருடைய நெற்றி சுருங்கியதைக் கண்டதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. மரத்தக்கை, சைலன்சர், தரையில் ஓட்டை, தலையிடி, கண்ணாடி எல்லாம் தலைகால் இல்லாமல் கொட்டினேன். மனைவி படுத்தபடியே என் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கும் தெரியவந்தது. அந்தப் பார்வையைத் தாங்க ஏலாமல் நான் நிலத்தைப் பார்த்தேன். நாலைந்து விநாடியில் இயந்திரத்திலிருந்து சத்தம் வந்தது, அவசரமாக ஓடுகிற சின்னச் சத்தம்.

டொக்டர் என்னைத் திட்டவில்லை. உடனே ஒட்சிசன் வைக்கச் சொன்னார், இரத்தம் எடுக்கச் சொன்னார், வார்ட்டில் மறித்தார். வெளியே வந்து என்னிடம், "சொன்னது நல்லது. இல்லாட்டி மருந்தைத் தந்து வீட்டுக்கு அனுப்பியிருப்பன்" என்றார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லையோ என்று கேட்டேன். "இப்ப துடிக்குது. அதை மட்டும்தான் இப்ப சொல்லலாம். மிச்சம் பிறந்து வளரேக்கதான் தெரியும்."

பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்கு உள்ளே விட்டார்கள். அவளுக்கு ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். பிள்ளை அசைகிற ஒவ்வொரு தரமும் ஒரு கோடு போடவேண்டும், பத்து வரவேண்டும். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். அவள் என்னோடு கதைக்கவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள், பிறகு ஒரு கோடு போடுவாள். அட்டையில் ஏழு இருந்தது. வெகுநேரம் கழித்து எட்டு. பிறகு ஒன்பது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆட்கள் வெளியேற மணி அடித்தது. தொழிலாளி அம்மா ஒருவர் கட்டில் கட்டிலாக வந்து, "நேரம் முடிஞ்சுது, எழும்புங்கோ, எழும்புங்கோ" என்று விரட்டத் தொடங்கினார். என்னால் எழும்ப முடியவில்லை.

அப்போது அவள் என் கையைப் பிடித்து எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். அவளுடைய தோலின் சூடு தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. தொழிலாளி அம்மா எங்கள் கட்டிலடிக்கு வந்துவிட்டார்.

"பத்து" என்றாள் அவள். "போங்கோ. போய்ச் சாப்பிட்டுட்டுப் படுங்கோ."

அட்டையில் கோட்டையும் போட்டாள். என் கை அங்கேதான் இருந்தது. கையின் கீழே எதுவும் அசையவில்லை. அல்லது எனக்கு விளங்கவில்லை. பிள்ளையை அவள் உள்ளே அறிவாள், நான் வெளியே இருந்து என்னத்தை அறிவது என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினேன். விடியும்வரைக்கும் ஆஸ்பத்திரி வாசலை விட்டு நகரவில்லை.

மகளுக்கு இப்போது இரண்டரை வயது. குசினிக்கும் முற்றத்துக்குமாக ஓடித் திரிகிறாள். அவள் ஒரு சொல்லைப் பிந்திச் சொன்னாலும், நடக்கையில் கால் தடக்கினாலும் எனக்கு நெஞ்சு பதறும். மனைவி பதறுவதில்லை. அந்தப் பத்தாவது உண்மையாகவே வந்ததோ, அல்லது எனக்காக அவள் போட்ட கோடோ என்று அவளிடம் கேட்க எத்தனையோ தரம் வாயெடுத்திருக்கிறேன். இன்றுவரைக்கும் கேட்கவில்லை, பயம்.